குடுவைச் செடிக்குக் கேட்ட மழை

எங்கள் வீட்டுப் பின்பக்க ஜன்னலில் பூச்சி தின்னும் செடி ஒன்று தொங்குகிறது. அதைப் பற்றி யாராவது கேட்டால் "மருமகளோடது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். ஏன் மாற்றுகிறேன் என்பதை எழுதிப் பார்க்கிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். வரிசையாகச் சொல்ல வருமா தெரியவில்லை.

மருமகள் கல்யாணத்துக்கு முன்பு கீழ்புத்துப்பட்டுப் பக்கம் ஒரு நர்சரியில் வேலை பார்த்தாள். அங்கே வாடிப்போய் குப்பைக்குப் போக இருந்த இந்தச் செடியை எடுத்துப் பிழைக்க வைத்து, எங்கள் வீட்டுக்கு வரும்போது மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இலை நீளமாக இருக்கும். இலையின் நுனியிலிருந்து நூல் மாதிரி ஒரு தண்டு இறங்கும். அந்த நூலின் முனையில் ஒரு குடுவை, சின்னப் பிள்ளை விளையாடும் சொப்பு மாதிரி, மூடியோடு தொங்கும். உள்ளே கொஞ்சம் தண்ணீர் இருக்கும். எறும்போ ஈயோ விளிம்பில் வந்து உட்கார்ந்தால் வழுக்கி உள்ளே விழும். விழுந்தால் அவ்வளவுதான், செடி அதைக் கரைத்துத் தின்றுவிடும்.

நான் விபூதி பூசாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவன். வெள்ளி செவ்வாயில் கவுச்சி தொடமாட்டேன். அப்படிப்பட்ட வீட்டில் வெள்ளிக்கிழமையும் ஈ எறும்பு தின்றுகொண்டு ஒன்று தொங்குவது எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் சொல்லவில்லை. அந்தப் பெண் எதையும் கேட்டு வாங்கிக்கொள்ளாத பெண். அவளுக்கென்று இந்த வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

சீமந்தம் முடிந்து அனுமந்தையில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கிளம்பினபோது அவள் செடியை என்னிடம் கொடுத்தாள். மாமியாரிடம் கொடுக்கவில்லை.

"எங்க வீடு கடக்கரையிலயே இருக்குது மாமா. உப்புக் காத்து நேரா அடிக்கும், இது தாங்காது. நீங்க பாத்துக்குவீங்களா?"

என் வீட்டுக்காரி பக்கத்திலேயே நின்றாள். "ஏம்மா, என்னையக் கேக்க மாட்டியா?"

"நீங்க மறந்துடுவீங்க அத்தை. மாமா சாமிக்கு ஒரு நாள் தப்பாம விளக்கு ஏத்துறாரு. இதுக்கும் தப்பாம தண்ணி ஊத்துவாரு."

மழைக்காலத்தில் பிடித்து வைத்த தண்ணீர் என்று சொல்லி இரண்டு கேன்களைக் காட்டினாள். இதை மட்டும்தான் ஊற்ற வேண்டும், போர் தண்ணீர் கூடாது, குடிக்கிற கேன் தண்ணீரும் கூடாது, எதுவும் கலக்காத தண்ணீராக இருக்க வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்வது மாதிரிச் சொல்லிவிட்டுப் போனாள். நானும் தினமும் குளித்துவிட்டு, விளக்கேற்றிவிட்டு, ஒரு டம்ளர் ஊற்றினேன். அவள் என்னை நம்பின காரணம் எனக்குள் ஒரு பெருமையாகவே இருந்தது.

வெயில் ஏறினது. கேன்கள் காலியாகிவிட்டன. அப்போதுதான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

வெள்ளிக்கிழமை தெருக்கோடி அம்மனுக்கு அபிஷேகம் ஆனதும் ஒரு செம்பு தீர்த்தம் வீட்டுக்குக் கொண்டு வருவேன். எல்லாரும் எடுத்துக்கொண்டது போக மிச்சத்தைக் கால் படுகிற இடத்தில் கொட்டக் கூடாது. செடியின் தூரில்தான் ஊற்ற வேண்டும். வழக்கமாகத் துளசிக்கு ஊற்றுவேன். அந்த வருஷ வெயிலில் துளசி கருகிப் போயிருந்தது. அதனால் குடுவைச் செடிக்கு ஊற்றினேன். மஞ்சள், பால், விபூதி எல்லாம் கலந்த கோயில் போர் தண்ணீர்தான் அது. ஆனால் தீர்த்தத்தைத் தண்ணீர்க் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. தீர்த்தம் யாருக்குக் கெடுதல் செய்யும்? உள்ளுக்குள் இன்னொன்றும் நினைத்தேன். பூச்சி தின்கிற ஜன்மம், இதற்கும் நாலு சொட்டு அம்மன் தீர்த்தம் போனால் கொஞ்சம் சுத்தமாகட்டுமே என்று. பிறகு வாரத்துக்கு ஒரு முறை என்பது போய், செம்பில் மிச்சம் வைத்துத் தினமும் ஊற்ற ஆரம்பித்தேன்.

கொஞ்ச நாளில் தொட்டியில் மண்ணுக்குப் பதிலாக இருந்த பாசியின்மேல் வெள்ளையாகப் பூத்தது.

நான் உப்பளத்தில் உப்பு வாருகிறவன். பாத்தியில் தண்ணீர் காய்ந்து உப்பு பிடிக்கிற முதல் நேரத்தில் மேலே மெல்லிசாக ஒரு ஆடை படியும். அதைத் தூரத்தில் வரப்பில் நின்றே கண்டுபிடித்துச் சொல்வேன். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வெள்ளையைப் பார்த்துப் பிழைத்தவன். அதே வெள்ளை என் வீட்டு ஜன்னலில் பூத்தபோது நான் அதை விபூதி என்று நினைத்தேன். அம்மன் அந்தச் செடியை ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன். ஒரு நாள் விரலால் தொட்டு நெற்றியிலும் இட்டுக்கொண்டேன். இதை எழுதும்போது காது சுடுகிறது.

குடுவைகள் மேலிருந்து காய்ந்து வந்தன. இலைகளின் ஓரம் பழுத்தது. மருமகள் தினமும் செடியின் போட்டோ கேட்பாள், நான் நல்ல பக்கமாகத் திருப்பி எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் போட்டோவில் தொட்டியும் சேர்ந்து விழுந்துவிட்டது. உடனே வீடியோ காலில் வந்தாள். இடது பக்கமாகப் படுத்தபடியே பேசினாள். பிரஷர் இருக்கிறது, எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மாமா, அந்த வெள்ளை எப்பலருந்து இருக்குது?"

"கொஞ்ச நாளாத்தாம்மா. விபூதி மாதிரி..."

"மாமா, அது உப்பு."

என் வீட்டுக்காரி பின்னால் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். மருமகள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"பரவால்ல மாமா. தொட்டி மாத்திட்டா பொழச்சிக்கும். என் பீரோவுல கீழ்த்தட்டுல காஞ்ச பாசி ஒரு பையில இருக்குது, வெள்ளைக் குருணை மாதிரி ஒன்னு இருக்குது. நல்ல தண்ணி ஒரு குடமாவது வேணும். பாசிய ஊற வெக்கணும், வேர அலசணும். கேன்ல தண்ணி இருக்குதா?"

"இருக்குதும்மா."

"இல்லன்னா சொல்லுங்க மாமா, வேற வழி பாக்கலாம்."

"அதான் இருக்குதுன்றேன்ல."

போனை வைத்ததும் வீட்டுக்காரி கேட்டாள். "எங்க இருக்குது? எனக்குக் காட்டுங்க, நானும் பாக்கறேன்."

"எடுத்தாந்துடுவேன்."

"பூச்சி திங்கிற செடிக்குத் தீர்த்தம் குடுத்த ஆளு நீங்க. இப்ப அதுக்குப் பொய் வேற."

மறுநாள் வேலை முடிந்து பஸ் ஏறி மருமகள் வேலை பார்த்த நர்சரிக்குப் போனேன். வாட்ச்மேன் மழைத் தொட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டினார். அடியில் காய்ந்த சருகுதான் கிடந்தது. "இனிமே ஐப்பசிக்குத்தான்" என்றார். அவரிடம் வேறு ஏதாவது கேட்டிருக்கலாம். எதற்கு என்று அவர் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று கிளம்பிவிட்டேன்.

வரும் வழியில் ஒரு எண்ணம் வந்து ஒட்டிக்கொண்டது. செடி பிழைத்தால் பிரசவம் நல்லபடியாக ஆகும், செடி போனால் என்னவோ ஆகும். இப்படி யாரும் சொல்லவில்லை. நானே முடிச்சுப் போட்டு, அவிழ்க்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். படுத்தபடியே பேசின அந்த முகம் கண்ணில் நின்றது. மழை வேண்டும். எங்கேயிருந்தாவது ஒரு குடம் மழைத் தண்ணீர் வேண்டும்.

எங்கள் தெருப் பழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். தெருவில் எல்லாரும் உப்பள வேலைக்காரர்கள். தை தொடங்கி வெயில்தான் எங்களுக்குச் சோறு. ஒரு மழை இறங்கினாலும் பாத்தியில் காய்ந்து கனத்த தண்ணீர் நீர்த்துப்போகும். மறுபடி வெயில் அதைக் காய்ச்சுகிற வரைக்கும் யாருக்கும் கூலி கிடையாது. அதனால் உப்பு வாருகிற பருவம் முழுக்க, வெள்ளிக்கிழமைதோறும், அம்மன் முன்னால் வாழையிலையில் ஒரு கை உப்பு வைத்துக் கற்பூரம் ஏற்றி, "மழையை நிறுத்தி வை தாயே" என்று எல்லாருக்குமாக ஒருவர் கேட்க வேண்டும். மற்றவர்கள் பின்னால் கைகூப்பி நிற்பார்கள். எனக்குப் பக்தி அதிகம், பொய் பேச மாட்டேன் என்று அந்தக் கற்பூரத் தட்டை என் கையில் கொடுத்து ரொம்ப வருஷம் ஆகிறது.

அந்த வெள்ளிக்கிழமையும் தட்டை எடுத்தேன். கற்பூரம் எரிந்தது. பின்னால் வேலை முடிந்து வந்த ஜனங்கள் நின்றார்கள். "மழையை நிறுத்தி வை தாயே" என்று வாய் சத்தமாகச் சொன்னது. மனசு அதே நேரத்தில், ஒரு மழை கொடு, ஒரே ஒரு மழை, என் பேரப்பிள்ளைக்காகக் கொடு என்று கேட்டது. வாய் சொன்னதைவிட மனசு கேட்டதில்தான் உருக்கம் இருந்தது. அது எனக்கே தெரிந்தது.

நான் கேட்டுத்தான் அம்மன் மழை அனுப்பினாள் என்று சொல்ல நான் யார்? சித்திரையில் என்றைக்காவது ஒரு மழை வரத்தான் செய்யும். ஆனால் கேட்டது கேட்டதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிழக்கே கறுத்தது. காற்று சில்லென்று திரும்பியதும் தெரு முழுக்கக் கதவு திறக்கும் சத்தம். ஆணும் பெண்ணும் தார்ப்பாய், கீற்று என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு ஓடினார்கள். வாரிக் குவித்த உப்பு அம்பாரம் அம்பாரமாக வரப்பில் நின்றது. அதை மூடாவிட்டால் வாரின வேலையும் போய்விடும். நானும் ஓடியிருக்க வேண்டும். நான் முற்றத்துக்கு ஓடினேன். வாய் அகலமாக இருந்தால் மழை நிறையப் பிடிக்கும் என்று உப்பு சுமக்கிற, ஓட்டையில்லாத பிளாஸ்டிக் கூடைகள், டப்புகள் எல்லாவற்றையும் இழுத்து வரிசையாக வைத்தேன்.

எதிர் வீட்டுக்காரம்மா எங்களோடு அதே பாத்தியில் உப்பு சுமக்கிறவள். என்னை அண்ணன் என்று கூப்பிடுவாள். தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, அம்பாரம் மூட வா. அந்தப் பக்கம் புடிக்க ஆள் இல்ல."

"நீ போம்மா. தோ வந்துட்டேன்."

முதல் தூறல் டப்பில் விழுந்து சத்தம் போட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். என் முகத்தில் அப்போது சிரிப்பு இருந்திருக்கிறது. அவள் டப்புகளைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் திரும்பி ஓடினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்து அம்பாரத்தைப் பாதிதான் மூடியிருந்தார்கள். தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் காற்று தூக்கித் தூக்கி அடித்தது. அந்த முனையை நான் பிடித்தபோது அடிப்பக்கம் கரைந்து வாய்க்கால் மாதிரி ஓடிவிட்டிருந்தது. நனைந்துகொண்டே எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மழை விட்டதும் வீட்டுக்கு வந்தேன். டப்புகள் தளும்பி நின்றன. ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. அடுத்த டப்பு, அதுவும் கரித்தது. கூடையிலும் அதேதான். உப்பு சுமந்து சுமந்து அந்த பிளாஸ்டிக்கின் கீறல்களிலெல்லாம் உப்பு இறங்கியிருந்தது. கழுவாமல் வைத்துவிட்டேன். கழுவியிருந்தாலும் போர் தண்ணீரில்தானே கழுவியிருப்பேன்.

வீட்டுக்காரி வாசற்படியில் நின்று பார்த்தாள். "உப்புக் கூடையில உப்பு இல்லாம பாலா இருக்கும்?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காலையில் உப்பளத்தில் பாத்திகள் எல்லாம் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தன. வேலை இல்லை. டீக்கடை வாசலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர் கேட்டார்.

"ஏம்பா, வெள்ளிக்கிழமை கற்பூரம் ஈரமா இருந்துச்சா?"

இன்னொருவர், "இல்லப்பா, இவரு மெதுவா கேட்டிருப்பாரு. அம்மனுக்குக் காது மந்தம்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குத்தான். வேலை போன நாளில் வேறு என்ன செய்வது? நானும் சிரிக்கப் பார்த்தேன். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

அன்று வெயில் ஏறின நேரத்தில் எதிர் வீட்டுக்காரம்மா இடுப்பில் ஒரு எவர்சில்வர் குடத்தோடு வந்தாள். பளபளவென்று புதுக் குடம். வாய் மேல் வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

"இந்தாண்ணே, மழைத் தண்ணி."

எனக்குப் புரியவில்லை.

"மருமகப் பொண்ணு செடிக்கு மழைத் தண்ணி வேணும்னு அண்ணி சொல்லிச்சு. நேத்து நீ டப்பு வெச்சிட்டு நின்னியே, அப்பவே நெனச்சேன், இது உப்பு டப்பாச்சேன்னு. ஓடுற அவசரத்துல சொல்ல முடியல. எங்க வாசல்ல தகரத் தண்ணி விழற எடத்துல இதை வெச்சிட்டுத்தான் ஓடுனேன். பொண்ணு சீருக்கு வாங்கி வெச்ச கொடம், ஒரு நாள் கூடப் பொழங்கல. இதுல உப்பு இருக்காது."

நான் கையை நீட்டவில்லை. நீட்ட முடியவில்லை.

"இன்னாண்ணே பாக்கற? வேணும்னா குடிச்சிப் பாரு."

"அதுக்கில்லம்மா. ஒனக்கு வேலை போச்சே."

"எனக்கு மட்டுமா போச்சு? ஊருக்கே போச்சு. வேலை வரும். புள்ளத்தாச்சி ஆசையா வெச்சிருக்குது, அது போனா வருமா? புடி, இடுப்பு வலிக்குது."

குடத்தை வாங்கினேன். அவள் தார்ப்பாயோடு வாசலில் நின்றபோது நான் சிரித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது அவளுக்கு ஞாபகம் இருந்ததா, இல்லை கேட்கக் கூடாது என்று விட்டாளா, இன்று வரை எனக்குத் தெரியாது.

சாயங்காலமே தொட்டி மாற்றினோம். வீட்டுக்காரி போனைப் பிடித்துக்கொண்டாள். மருமகள் படுத்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"மொதல்ல கையைக் கழுவுங்க மாமா. அந்தத் தண்ணியிலயே கழுவுங்க."

குடத்திலிருந்து ஒரு டம்ளர் எடுத்துக் கையில் ஊற்றிக்கொண்டேன். என் விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. அதில் உப்பு எத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறதோ. ஒரு டம்ளரில் போகுமா என்று பயந்து இன்னொரு டம்ளர் ஊற்றினேன். எதிர் வீட்டுக்காரம்மாவின் தண்ணீர் தரையில் ஓடினபோது மனசு கூசியது.

பாசியை ஊற வைத்ததும் அது பஞ்சு மாதிரி உப்பி மேலே வந்தது. லேசாகப் பிழிந்து வெள்ளைக் குருணையோடு கலக்கச் சொன்னாள்.

"குடுவையில இருக்கிற தண்ணிய கொட்டிடாதீங்க மாமா. அதுதான் அதுக்கு வயிறு. பஞ்ச உருட்டி வாயில வெச்சுக்குங்க."

காயாமல் மிச்சம் இருந்தவை இரண்டே குடுவைகள்தான். பூஜைப் பஞ்சை உருட்டி, குழந்தைக்குக் காதில் வைக்கிற மாதிரி ஒவ்வொன்றின் வாயிலும் வைத்தேன். உள்ளே ஒரு கட்டெறும்பு பாதி கரைந்து கிடந்தது. முன்பெல்லாம் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அன்றைக்கு, சாப்பிட்டிருக்கிறதே, அப்படியானால் உயிர் இருக்கிறது என்று தோன்றியது.

"இப்ப இழுக்காதீங்க. தண்டைப் புடிச்சு இழுத்தா வேர் அந்து போயிடும். தொட்டியைக் கத்தரிக்கோலால கிழிச்சுடுங்க. தொட்டி போனா போவுது."

கிழித்தேன். வேர்கள் கறுப்பாக, மயிர் மாதிரி இருந்தன. "அய்யோ, எல்லாம் கருகிப் போச்சேம்மா" என்று சொல்லிவிட்டேன்.

"இல்ல மாமா, அதோட வேரே கறுப்புத்தான். பயப்படாதீங்க."

பழைய பாசியில் தானாக உதிர்ந்ததை மட்டும் எடுத்தேன். வேரோடு ஒட்டினதைப் பிய்க்க வேண்டாம் என்றாள். ஒரு கையில் செடியைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் டம்ளரில் மெதுவாக ஊற்றி அலசினேன். மஞ்சள் நிறமாகத் தண்ணீர் இறங்கினது. அது அம்மன் தீர்த்தத்து மஞ்சள். வீட்டுக்காரியும் அதைப் பார்த்தாள், போனைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டாள். மருமகளுக்குத் தெரிய வேண்டாம் என்று செய்தாள் போல. தண்ணீர் தெளிகிற வரை ஊற்றினேன். முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டேன். முப்பது கிலோ உப்பைத் தலையில் தூக்கி வரப்பில் நடக்கிறவனுக்கு அந்தக் கைப்பிடிச் செடி கனத்தது.

புதுத் தொட்டியில் அடியில் கொஞ்சம் பாசி, நடுவில் செடி, சுற்றிலும் பாசி. அமுக்கக் கூடாது, காற்று போக வேண்டும். முன்பு எந்த மட்டத்தில் நின்றதோ அதே மட்டத்தில் நிற்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் கண்ணாடி மாதிரி இருக்கிற ஒரு பிளாஸ்டிக் பையை மேலே லேசாகக் கவிழ்த்து, வெயில் படாத வெளிச்சத்தில் மாட்டினேன். இருக்கிற குடுவைகள் காய்ந்தாலும் கவலைப்படக் கூடாது, புதுசாக வருகிற துளிரைத்தான் பார்க்க வேண்டும் என்றாள்.

"சூப்பரா பண்ணிட்டீங்க மாமா. ஏது இவ்ளோ நல்ல தண்ணி?"

"எதிர் வீட்டம்மா குடுத்தாங்க."

அப்போதாவது கேன் காலியானதை, மழை கேட்டதைச் சொல்லியிருக்கலாம். அவள் களைத்துப் போயிருந்தாள். படுத்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை மகன் சென்னையிலிருந்து லீவு போட்டு வந்தான். பைக்கிலிருந்து ஒரு வெள்ளை கேனை இறக்கி வைத்தான்.

"இது இன்னாப்பா?"

"செடிக்குத் தண்ணிப்பா. பேட்டரிக்கு ஊத்துவாங்கல்ல, டிஸ்டில்ட் வாட்டர். அதுல எதுவும் இருக்காது. அவதான் வாங்கிட்டு வரச் சொன்னா. உங்ககிட்ட தண்ணி இல்லன்னு அம்மா அன்னைக்கே அவகிட்ட சொல்லிட்டாங்களாம்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீங்க இருக்குதுன்னு சொல்லிட்டீங்களாம். மாமா மனசு கஷ்டப்படும், பேசாம வாங்கிட்டுப் போயி வெச்சிடுன்னா. நம்ம மரக்காணத்துலயே எல்லா மெக்கானிக் கடையிலயும் கெடைக்குமே, ஒரு நடை போயிருக்கலாமேப்பா."

பேட்டரிக்கு ஊற்றுவது என்றால் ஆசிட் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தினமும் பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்தக் கடைகளைத் தாண்டித்தான் போகிறேன். அங்கே விலைக்குக் கிடைக்கிற ஒன்றுக்காக ஊரின் வெயிலை நிறுத்தச் சொல்லி அம்மனிடம் கேட்டிருக்கிறேன். மருமகள் என் பொய்யைத் தெரிந்துகொண்டே, என் முகம் வாடக் கூடாதென்று தெரியாத மாதிரி பேசியிருக்கிறாள். எதிர் வீட்டுக்காரம்மா கூலியும் போய், சீர்க் குடத்தையும் கொடுத்துவிட்டுப் போனாள். விளக்கு தப்பாமல் ஏற்றுகிறவன் என்று பேர் எனக்கு.

வெள்ளிக்கிழமை வந்தது. பாத்தி இன்னும் காயவில்லை. கோயிலில் வழக்கத்தைவிடக் கூட்டம். இலையில் உப்பு வைத்தார்கள். தட்டை என்னிடம் நீட்டினார்கள். வாங்கினேன். கற்பூரத்தை ஏற்ற நெருப்புக் குச்சியை உரசினேன், அது விரல் வரை எரிந்து அணைந்தது. அம்மன் முகத்தைப் பார்த்து, அதே வாயால், மழையை நிறுத்து என்று எப்படிக் கேட்பது?

திரும்பி எதிர் வீட்டுக்காரம்மாவிடம் தட்டை நீட்டினேன். "இந்த வாரம் நீ கேளும்மா."

"நானா? ஏன், ஒனக்கு இன்னா?"

"எனக்கு வாய் வரல."

பின்னாலிருந்து ஒரு குரல், "குடும்மா, அவரு கேட்ட லட்சணத்தத்தான் பாத்தோமே" என்றது. சிரிப்பு எழுந்து அடங்கியது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தட்டை வாங்கினாள்.

பழக்கம் இல்லாததால் வீட்டில் பேசுகிற மாதிரியே அம்மனிடம் பேசினாள்.

"தாயே, வெயில் குடு. பாத்தி சீக்கிரம் காயணும், புள்ளைங்க சாப்புடணும். அண்ணன் மருமகப் பொண்ணு நல்லபடியா பெத்துப் பொழைக்கணும். அதோட செடிக்கு இன்னும் மழைத் தண்ணி வேணும்னா, பாத்தியில விழாம இவரு வீட்டு முத்தத்துல மட்டும் கொஞ்சம் பெய்ஞ்சிடு."

ஜனங்கள் சிரித்தார்கள். சிலர் "ஆமா தாயே" என்றார்கள். நான் எல்லாருக்கும் ஒளித்து மனசுக்குள் கேட்டதை அவள் எல்லார் முன்னாலும் சத்தமாக, எனக்காகக் கேட்டுவிட்டாள். கேட்டதில் யாருக்கும் கெடுதல் இல்லை. இப்படிக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லையே. தலையை நிமிர்த்த முடியாமல் நின்றேன்.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். செடியும் பிழைத்தது. தாயும் பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வந்த வாரம் இலை நுனியில் சோளமணி அளவு ஒரு குடுவை வீங்கியிருந்தது. மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சரி விடுங்க மாமா" என்றாள், அவ்வளவுதான். எதிர் வீட்டுக்காரம்மாவிடம் சொல்ல நாலு முறை வாசல் வரை போய், நாலு முறையும் வேறு ஏதோ பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

தட்டு அதற்குப் பிறகு என் கைக்கு வரவில்லை. நானும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கடைசி வரிசையில் போய் நிற்கிறேன். அங்கிருந்து அம்மன் அவ்வளவாகத் தெரிவதில்லை. முன்னால் நிற்கிறவர்களின் முதுகுதான் தெரிகிறது. வேர்வை காய்ந்து சட்டையிலும் ரவிக்கையிலும் கோடு கோடாக நிற்கிறது. இத்தனை வருஷம் இவர்களுக்காகக் கேட்டபோது இவர்கள் எனக்குப் பின்னால் நின்றார்கள். ஒரு நாளும் நான் திரும்பிப் பார்த்ததில்லை.